ரௌசு கடலில் கழுகு: லென்ஸைவிடக் காற்று முக்கியம்

படகில் போய்க் கழுகைப் படமெடுக்க ரௌசுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் எந்த லென்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று கேட்பவர் குறைவு. கழுகு எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் முகமும் நகமும் கிடைக்கும். முகத்தில் அறைந்தால் வால்தான். படகின் இந்தப் பக்கம் கூட்டமாக இருக்கிறதே என்று அங்கேயே ஒண்டிக்கொள்ளாதீர்கள்.

ரௌசு, ஜப்பானின் ஹொக்கைடோவில் ஷிரெதொகோ தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள மீன்பிடி ஊர். பிப்ரவரியில் ஓகோட்ஸ்க் கடலின் பனிப்பாளங்கள் நெமுரோ நீரிணைக்குள் மிதந்து வரும். அவற்றின்மேல் வந்து உட்காருபவை ஸ்டெல்லர் கடற்கழுகும் வெண்வால் கழுகும். ஸ்டெல்லர் சிறகை விரித்தால் 2 மீட்டரைத் தாண்டும். பெரிய பெட்டை 9 கிலோ வரை இருக்கும்.

முதல் படகு இருட்டிலேயே புறப்படும். அதைத் தவறவிடாதீர்கள்; குனாஷிர் தீவுக்குப் பின்னால் சூரியன் எழும் நேரம் அதில்தான் கிடைக்கும். பனிமேல் படகுக்காரர்கள் மீன் வீசுவார்கள். இரை போட்டு எடுத்த படம் என்பதைத் தலைப்பில் எழுதிவிடுவது நேர்மை.

மீனுக்குப் பறவை பக்கத்திலேயே வருவதால் 600 மி.மீ. லென்ஸ் பல நேரம் அதிகம். 100-400 ஜூம் போதும். ஆடும் தளத்தில் முக்காலி இடைஞ்சல்தான். ஷட்டர் 1/2000, லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப்/7.1, வெயில் வந்தபின் ஐஎஸ்ஓ 800-லிருந்து தொடங்குங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் வெளிச்சத்தில். வெள்ளைப் பனியைப் பார்த்து கேமரா படத்தை இருட்டாக்கும் என்று எல்லாரும் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி +1 வைப்பார்கள். அதே கழுகு கருநீலக் கடலுக்கு மேல் திரும்பியதும் ஸ்டெல்லரின் தோள்பட்டை வெள்ளை வெளுத்துப்போய், இறகின் கோடு ஒன்றுகூட மிஞ்சாது. தீர்வு மேனுவல்தான், அதாவது வெளிச்ச அளவை நாமே அமைப்பது: தோளின் வெள்ளை வெளுக்காத அளவுக்கு ஒருமுறை அமைத்துவிட்டு, பின்னணி மாறினாலும் தொடாதீர்கள். வெயில் ஏற ஏற மட்டும் திருத்துங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று இரண்டு சட்டையின் உள்பையில் இருக்கட்டும். வியூஃபைண்டரில் மூச்சு விடாதீர்கள், படிந்த ஈரம் அப்படியே உறையும். சூடான அறையிலிருந்து எடுத்து வந்த லென்ஸைச் சுற்றிக் காற்று நெளிவதால் படம் மசங்கும். ஃபோகஸைத் திட்டிப் பயனில்லை. அரைமணி முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள்.

குறைந்தது 3 காலைகள் கையில் இருக்க வேண்டும். ஒரே இரவில் காற்று பனியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் துறைமுக வாயிலை அடைத்துப் படகையே நிறுத்திவிடும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள உதோரோவிலிருந்து கிட்டத்தில்தானே என்று வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: குளிர்காலம் முழுக்க ஷிரெதொகோ கணவாய்ச் சாலை மூடியிருக்கும், தெற்கே சுற்றித்தான் வர வேண்டும். நாகஷிபெட்சு விமான நிலையம் வழியாக வருவது சுலபம்.

திரும்பியதும் அவசரப்பட்டு அறைக்குள் பையைத் திறந்தால், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே கதை கேமராவுக்குள்ளும் நடக்கும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொண்டு, பையின் ஜிப்பை மூடி இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள்.