23-வது வரி

பதினாறு ஆண்டுகள் குடும்ப வழக்குகளில் வாதாடிய பிறகுதான், இருதரப்பையும் உட்காரவைத்து அவர்களே ஒரு முடிவுக்கு வர உதவும் சமரசர் பயிற்சிக்குப் போனேன். நாற்பது மணி நேரப் பயிற்சியில் எனக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது. குறுக்கு விசாரணையில் பழகிய வாய் அல்லவா!

சமரசம் என்றாலே சேர்த்து வைத்துவிடுவார்கள் என்று பயந்து வருபவர்கள் உண்டு. இன்னொரு வாய்தா என்று நினைப்பவர்களும் உண்டு, வக்கீல்கள் உட்பட.

ஒரு தம்பதி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). பிரிவதில் இருவருக்கும் சம்மதம். குழந்தை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு என்பதெல்லாம் இரண்டே அமர்வில் முடிந்தது. இடித்தது சீர்வரிசைப் பட்டியலின் 23-வது வரி: தையல் மிஷின். "அது எனக்கு வந்தாக வேண்டும்" என்றார் மனைவி. "அப்படியொரு பொருளே தரப்படவில்லை" என்று கணவரின் வக்கீல் பாய்ந்தார். கணவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் 1990-ல் ஒரு முறையைத் தொடங்கினார். பேச்சு முறிந்தால் இருதரப்பு வக்கீல்களும் வழக்கிலிருந்து விலகிவிட வேண்டும். இதற்கு முன்கூட்டியே கையெழுத்து. முறிந்தால் தங்களுக்கும் வழக்கு போய்விடும் என்பதால், வக்கீல்களும் பேசி முடிக்கவே பார்ப்பார்கள். இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அப்புறம் பீஸ் யார் தருவது?" என்று சிரித்தார். அன்று அந்த வக்கீலின் பாய்ச்சலைப் பார்த்ததும் வெப் நினைவுக்கு வந்தார்.

கணவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். பேசினேன் என்பதைவிட, காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "வித்துவிட்டேன் மேடம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது" என்றார். தனியமர்வில் கேட்டதை அனுமதியின்றி மறுதரப்பிடம் சொல்லக் கூடாது. "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, தானே சொல்வதாக எழுந்தார்.

"மாமாவுக்காகவா?" என்றார் அவர் மனைவி. "கேட்டிருந்தால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேனே."

மனம் மாறிச் சேர்ந்துவிடவில்லை. பரஸ்பர சம்மத மனுவுக்கான உடன்பாட்டில் அன்றே கையெழுத்தானது. அதற்கு முன் அந்தப் பெண் என் பேனாவை வாங்கி, 23-வது வரியை அடித்தார். அடித்த இடத்தில் கணவரும் சுருக்கொப்பம் போட்டார்.