சும்மா நிற்கும் சைக்கிள்கள்: கும்பகோணத்தில் ஒரு வாடகைச் செயலி

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு மாணவர்கள் பலர் ஊருக்குச் சென்றுவிட்டதால், விடுதி வாசலில் அவர்களுடைய சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பூட்டியபடியே நிற்கின்றன. விடுதியிலேயே தங்கிவிட்டவர்களோ ரயில் நிலையம் போய்வர ஆட்டோ பிடிக்கிறார்கள். சும்மா நிற்கும் வண்டியை ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்கு நேரடியாக வாடகைக்கு விட உதவுவதே நானும் அறைத் தோழனும் எழுதிவரும் செயலியின் நோக்கம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் அமைந்த இந்த ஊரில் பெரும்பாலான இடங்கள் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளும் பல வீடுகளில் இருக்கிறது.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று முழுவதும் சட்டம் படித்தோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவு செய்த வெள்ளை நம்பர் பிளேட் ஸ்கூட்டரை வாடகைக்கு விட முடியாது; இருசக்கர வாகனங்களை வாடகைக்கு விடும் தொழிலுக்கு 1997-இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின் கீழ் தனி உரிமம் பெற வேண்டும். அதைவிட என்னைக் கலங்கவைத்தது காப்பீடு. சொந்த வண்டிக்கான பாலிசி வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை என்பதால், விபத்து ஒன்று நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை வண்டி கொடுத்த மாணவரின் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். சில நூறு ரூபாய் வாடகைக்காக ஒரு விவசாயக் குடும்பத்தை அந்த நிலைக்குத் தள்ள எனக்கு மனமில்லை. மாணவர்கள் அதிகம் கேட்பது ஸ்கூட்டரைத்தான் என்று தோழன் வாதிட்டான், அது உண்மையே. ஆயினும் பெட்ரோல் வண்டிகளை விட்டுவிட்டு, சைக்கிள்களோடும், பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத, 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் மிகாத மின் ஸ்கூட்டர்களோடும் தொடங்க முடிவு செய்தோம்.

14 ஆகஸ்ட், வியாழன்

நாளை சுதந்திர தினம், தொடர்ந்து சனி, ஞாயிறு. ஒரே சைக்கிளை ஒரே நொடியில் இருவர் முன்பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்று விடை கண்டோம்: போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் ஒவ்வொரு முன்பதிவையும் நேர இடைவெளியாகச் சேமித்து, ஒரே வண்டிக்குரிய இரண்டு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி விதி வைத்துவிட்டால், இரண்டாவது பதிவைத் தரவுதளமே மறுத்துவிடுகிறது. இடைவெளியின் முடிவு நேரம் அதில் சேராது என்று வைத்ததால், பத்து மணிக்கு ஒருவர் திருப்பித் தரும் வண்டியை அதே பத்து மணிக்கு அடுத்தவர் எடுக்கலாம்.

20 ஆகஸ்ட், புதன்

முன்பு வாடகை சைக்கிள் கடை நடத்திய பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். மட்கார்டில் எண் எழுதிய சைக்கிள்களை மணிக் கணக்கில் விட்டு, நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொள்வாராம். முகம் தெரியாத பையன் வந்தால், தெரிந்தவர் யாராவது பொறுப்பேற்ற பிறகே சாவியைக் கொடுப்பாராம். முன்பணம் கேட்பதைக் காட்டிலும் இது மாணவர்களுக்குப் பொருத்தமான முறை என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே முன்பண வசதியை நீக்கிவிட்டு, புதிதாகச் சேர்பவருக்கு ஏற்கெனவே வாடகைக்கு எடுத்த ஒருவர் பொறுப்பேற்கும் ஏற்பாட்டை எழுதத் தொடங்கினோம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

நாளை விநாயகர் சதுர்த்தி. விடுதி நண்பர்கள் சைக்கிள்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். வண்டி கைமாறும்போது பிரேக், செயின், டயர் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கிவிட்டோம். சிக்னல் கிடைக்காத இடத்தில் அந்தப் படங்கள் கைப்பேசியிலேயே இருந்து பின்னர் பதிவேறும் பகுதியை இன்றிரவு சோதிக்கிறோம்.