பாலிப்பில் புற்றுநோய் அபாயம்: மூன்று கேள்விகளாகப் பிரித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி இறுதித் தேர்வில் ஸ்பெசிமன் மேசைக்கு என் முறை வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், என் பக்கம் தள்ளிய ஜாடியில் வெட்டி விரித்த மலக்குடல் துண்டு. அதன் உட்புறத்தில் நாலு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பூத்துவாலை மாதிரி ஒரு வளர்ச்சி, அதாவது பாலிப். காம்பு இல்லை. "வில்லஸ் அடினோமா சார்" என்றேன். அடினோமா என்பது குடலின் உள்படலச் சுரப்பியில் தோன்றும், புற்றாக மாறக்கூடிய பாலிப்; விரல்கள் போன்ற நீட்சிகளோடு இருந்தால் அது வில்லஸ். அதுவரைக்கும் சரி. அடுத்து, "இதுல கேன்சர் இருக்குமா? எதைப் பார்த்துச் சொல்வீங்க?" என்று கேட்டார். படித்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது: அளவு, வில்லஸ் அமைப்பு, ஹேகிட் லெவல், நிணநீர்க் குழாய் ஊடுருவல், பாலிப் எண்ணிக்கை, குடும்ப வரலாறு, சிகரெட், இறைச்சி. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கேன்சர் இருக்கான்னுதான் கேட்டேன்மா. பரவியிருக்கான்னு கேக்கல. இந்த ஆளுக்கு இன்னொண்ணு வருமான்னும் கேக்கல. மூணு கேள்விக்கான பதிலைக் கலந்து சொல்றீங்க."

அன்றைக்குத் தேறிவிட்டேன், ஆனால் அந்த மேசையில் மதிப்பெண் போனது. இப்போது ஜூனியர்களுக்கு இந்தத் தலைப்பை எடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். "ரிஸ்க் ஃபேக்டர்ஸ்" என்று ஒரு தலைப்பு போட்டு, பன்னிரண்டு வரி எழுதி, மனப்பாடம் செய்கிறார்கள். எந்த வரி எந்த முடிவுக்கு உதவும் என்று கேட்டால் தெரிவதில்லை. அந்தப் பெரியவர் ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டிய மூன்று கேள்விகளை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: இந்த பாலிப்பில் புற்று இருக்கிறதா, அல்லது விட்டால் புற்றாகுமா?

இதற்குப் பதில் சொல்பவை மூன்றே விஷயங்கள். அளவு, வில்லஸ் பங்கு, டிஸ்பிளாசியாவின் (செல்கள் ஒழுங்கு தவறியதன்) தரம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையிலிருந்து முட்டோ, புஸ்ஸி, மார்சன் மூவரும் 1975-இல் வெளியிட்ட எண்கள்தான் இன்றும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், புழங்குகின்றன. 1 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் புற்று இருக்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம், 1 முதல் 2 செ.மீ. வரை சுமார் 10, 2 செ.மீ.க்கு மேல் போனால் 46. குழாய் வடிவச் சுரப்பிகளாலான டியூபுலர் அடினோமாவில் 5 சதவீதம், இரண்டும் கலந்த டியூபுலோவில்லஸில் 22, வில்லஸில் 40. நான் இவற்றைச் சமையலறைச் சாமானோடு சேர்த்து நினைவு வைத்தேன். பாசிப்பயறு அளவு என்றால் பயம் குறைவு, கொண்டைக்கடலை அளவு வந்தால் கவனம், கொட்டைப்பாக்கு அளவு என்றால் இரண்டில் ஒன்று புற்று என்ற நினைப்போடு அணுக வேண்டும். எண்ணைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: இவை, அறிகுறி இல்லாதவர்களுக்கும் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் இன்றைய ஸ்கிரீனிங் கொலனோஸ்கோபி பரவுவதற்கு முந்தைய காலத்தவை. இப்போது கொலனோஸ்கோபியில் தற்செயலாகக் கிடைக்கும் 5 மி.மீ.க்குக் குறைந்த பாலிப்பில் புற்று மிக மிக அரிது.

அளவுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அளவு என்பது காலத்தின் அடையாளம். ஃபியரனும் வோகல்ஸ்டைனும் 1990-இல் வரைந்து காட்டிய வரிசையில் முதலில் ஏ.பி.சி. மரபணு பழுதாகும், பிறகு கே-ராஸ், கடைசிப் படிகளில் பி-53. ஒவ்வொரு பழுதுக்கும் ஆண்டுகள் பிடிக்கும். சின்ன அடினோமாவிலிருந்து புற்று வர ஏறத்தாழ பத்து ஆண்டு ஆகும் என்பதும், பெரும்பாலான அடினோமாக்கள் அந்தப் பாதையின் முடிவுக்குப் போவதே இல்லை என்பதும் இதனால்தான். பெரிதாக வளர்ந்த ஒன்று அந்தப் பாதையில் நெடுந்தூரம் நடந்துவிட்டது என்று பொருள்.

டிஸ்பிளாசியாவில் ஒரு தவறு எல்லா விடைத்தாளிலும் வரும். "டிஸ்பிளாசியா இருந்தால் அபாயம்" என்று எழுதுவார்கள். டிஸ்பிளாசியா இல்லாமல் அடினோமாவே கிடையாது. அது இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். நாம் தேடுவது தீவிரமான, அதாவது ஹை-கிரேடு டிஸ்பிளாசியாவை. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல், வில்லஸ் கூறு, ஹை-கிரேடு டிஸ்பிளாசியா, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே அதற்கு அட்வான்ஸ்டு அடினோமா என்று பெயர். இந்த வரையறையை எழுதினால் முதல் கேள்வி முடிந்தது.

நுண்ணோக்கியில் ரம்பப் பல் போலத் தெரியும் செரேட்டட் வகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வலது பெருங்குடலில் தட்டையாக, மேலே சளிப் படலம் போர்த்தியபடி ஒளிந்திருக்கும் செசைல் செரேட்டட் லீஷன் வேறு வழியில் போகிறது. அங்கே பி-ராஃப் மரபணுவில் பழுது, மரபணுக்களை அணைக்கும் மெத்திலேஷன், அதனால் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எல்.ஹெச்-1 அணைந்துபோவது. மலக்குடலில் கிடைக்கும் பொடிப்பொடியான ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்போடு இதையும் சேர்த்து "ஒன்றுமில்லை" என்று ஒதுக்கிய காலம் ஒன்று உண்டு.

இரண்டாம் கேள்வி: புற்று இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்குமா? பாலிப்பை எடுத்ததோடு விடலாமா, குடலையே வெட்ட வேண்டுமா?

தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான். நிஜ வாழ்க்கையில் கைகால் உதறுவதும் இதற்குத்தான். ஒரே ஒரு உடற்கூறு உண்மையைப் பிடித்துக்கொண்டால் போதும். பெருங்குடலின் உள்படலமான மியூகோசாவில் புற்றைச் சுமந்துபோகும்படியான நிணநீர்க் குழாய்கள் கிடையாது. மஸ்குலாரிஸ் மியூகோசா என்ற மெல்லிய தசைக்கோட்டுக்குக் கீழே, அடுத்த அடுக்கான சப்மியூகோசாவில்தான் பாதை திறக்கிறது. அதனால் கோட்டுக்கு மேலே செல்கள் எத்தனை கோரமாக இருந்தாலும் அது டி.ஐ.எஸ்.தான், அதாவது இருந்த இடத்திலேயே நிற்பது, எடுத்தால் முடிந்தது. கோட்டைத் தாண்டினால்தான் டி-1, அதாவது மாலிக்னன்ட் பாலிப். பேத்தாலஜி துறையில் ஒரு மேடம் என்னை மைக்ரோஸ்கோப்பின் எதிர்க்கண்ணில் உட்காரவைத்து அந்த இளஞ்சிவப்புக் கோட்டை ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திக் காட்டினார். ஓர் இடத்தில் கோடு அறுந்து, அதன் வழியே சுரப்பிகள் ஒழுங்கில்லாமல் கீழே இறங்கியிருந்தன, சுற்றிலும் வெளுத்த நார்த்திசு. அதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. நீங்களும் ஒரு முறை கேட்டுப் போய்ப் பாருங்கள்.

காம்புள்ள பாலிப்பில் புற்று எவ்வளவு தூரம் இறங்கியது என்று ஹேகிட் 1985-இல் சொன்ன அளவுகோலுக்குக் காளானை நினைத்துக்கொள்ளுங்கள். புற்று குடையில் நின்றால் லெவல் 1, குடையும் காம்பும் சேரும் கழுத்தில் 2, காம்பில் 3, காம்பு முளைத்த மண்ணில், அதாவது குடல்சுவரின் சப்மியூகோசாவில் 4. முதல் மூன்றிலும் வேறு கெட்ட அறிகுறி இல்லாவிட்டால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. காம்பில்லாத செசைல் பாலிப்பில் புற்று ஊடுருவினாலே அது லெவல் 4. அதனால்தான் அவற்றுக்கு கிகுச்சி பிரிவு: சப்மியூகோசாவை மூன்றாகப் பகுத்து எஸ்.எம்-1, 2, 3. ஆழம் கூடக்கூட நிணநீர் முடிச்சு அபாயமும் கூடுகிறது, எஸ்.எம்-1-இல் சில சதவீதம், எஸ்.எம்-3-இல் நாலில் ஒன்றுக்கு அருகில். இப்போது ரிப்போர்ட்டில் ஆழத்தை அளந்தே தருகிறார்கள், 1 மி.மீ.தான் எல்லை.

இவற்றோடு தரம் குறைந்த டிஃபரன்ஷியேஷன் (இயல்பான சுரப்பியின் சாயல் இழந்த புற்று), நிணநீர் அல்லது ரத்தக்குழாய்க்குள் புற்று, டியூமர் பட்டிங் (புற்றின் முனையில் செல்கள் சிறு கொத்துகளாகப் பிரிந்து நிற்பது), வெட்டு விளிம்பிலிருந்து 1 மி.மீ.க்குள் புற்று. இவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை பற்றிப் பேச வேண்டும். விளிம்பு மட்டும் சற்றே வேறு சாதி. அது முக்கியமாகச் சொல்வது அதே இடத்தில் மிச்சம் இருக்குமா என்பதை.

விளிம்பு பற்றி எனக்கு ஒரு நினைவு உண்டு. இரண்டாம் வருடத்தில் எண்டோஸ்கோபி நாளன்று பெருங்குடலின் சிக்மாய்டு பகுதியில் இரண்டரை செ.மீ. செசைல் பாலிப்பைத் துண்டுதுண்டாக எடுத்தோம். நாலு துண்டையும் ஒரே ஃபார்மலின் டப்பாவில் போட்டு, சீட்டில் "பாலிப்" என்று மட்டும் எழுதி அனுப்பியது நான்தான். நாலு நாள் கழித்து பேத்தாலஜியிலிருந்து போன் வந்தது. "ஒரு துண்டுல இன்வேஷன் இருக்கு. எது அடிப்பக்கம்? விளிம்பை எங்கே பார்க்கறது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நோயாளிக்கு குடல் அறுவை நடந்தது. வெட்டி எடுத்த குடலில் புற்று மிச்சமே இல்லை, முடிச்சுகளும் சுத்தம். ஒரே துண்டாக எடுத்து, தெர்மாகோலில் விரித்துக் குண்டூசி குத்தி அனுப்பியிருந்தால் அந்த அறுவை தேவைப்பட்டிருக்காதோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். "மாலிக்னன்ட் பாலிப்பை எப்படிக் கையாள்வீர்கள்" என்ற கேள்விக்கு விடையின் முதல் வரியாக இதை எழுதுங்கள்: முழுதாக, ஒரே துண்டாக, திசை தெரியும்படி.

மூன்றாம் கேள்வி: இந்த மனிதருக்கு இன்னொன்று வருமா?

இங்கே பாலிப்பை விட்டு ஆளைப் பார்க்கிறோம். வயது, எத்தனை அடினோமா, குடும்பம், எட்டு ஆண்டுக்கு மேல் நீடித்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி, சிகரெட், மது, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி. உணவு பற்றி இரண்டு வரி போதும், அதில் பக்கம் பக்கமாக எழுதி நேரத்தைத் தொலைக்காதீர்கள். எண்ணிக்கைக்கு நேரம் கொடுங்கள். மறு கொலனோஸ்கோபி எப்போது என்பதை அதுவும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டலில், ஒன்றிரண்டு சின்ன டியூபுலர் அடினோமா என்றால் 7 முதல் 10 ஆண்டு, மூன்று நாலு என்றால் 3 முதல் 5, ஐந்து முதல் பத்து வரை அல்லது ஏதேனும் ஒன்று அட்வான்ஸ்டு என்றால் 3, பத்துக்கு மேல் என்றால் ஒரே ஆண்டு.

நூறைத் தாண்டினால் எஃப்.ஏ.பி. (ஃபெமிலியல் அடினோமேட்டஸ் பாலிபோசிஸ்) என்ற பரம்பரை நோய் என்று நினைக்க வேண்டும். ஏ.பி.சி. மரபணுப் பழுதோடு பிறந்தவர்கள். குடலை எடுக்காவிட்டால் நாற்பது வயதையொட்டி அநேகமாக எல்லோருக்கும் புற்று. இதில் நாலில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது. இன்னொரு பரம்பரை நோயான லிஞ்ச் சின்ட்ரோமில் பாலிப் குறைவு, ஆனால் அடினோமாவிலிருந்து புற்றுக்குப் போகும் வேகம் அதிகம். இதன் கதை ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. 1895-இல் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோய்க்குறியியல் நிபுணரிடம் அவர், தன் வீட்டில் பலர் குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்று வந்து இறந்ததாகவும் தானும் அப்படித்தான் போவேன் என்றும் சொன்னார். கர்ப்பப்பைப் புற்றில்தான் இறந்தார். அந்தக் குடும்பத்தை வார்தின் 1913-இல் எழுதி வைத்தார். ஹென்றி லிஞ்ச் அதைத் தொடர்ந்தது அரை நூற்றாண்டு கழித்து.

லாங் கேஸில், அதாவது தேர்வில் ஒரு நோயாளியை முழுதாக விசாரித்துச் சொல்லும் பகுதியில், "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா" என்று கேட்டு, "இல்லை" என்று எழுதிவிட்டு வராதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லவே தயங்குவார்கள், பல வீடுகளில் இறந்தவருக்கே சொல்லியிருக்க மாட்டார்கள். "அப்பா எத்தனை வயசுல போனாரு? கடைசியில மலத்துல ரத்தம் போச்சா? வயித்துல பை வச்சிருந்தாங்களா?" என்று கேளுங்கள். அம்மா, அத்தை, சித்தி யாருக்காவது கர்ப்பப்பை எடுத்திருந்தால், எந்த வயதில், எதற்காக எடுத்தார்கள் என்று கேளுங்கள். "கட்டி இருந்துச்சுன்னு எடுத்தாங்க" என்று பதில் வந்தால், அந்த பயாப்ஸி சீட்டு வீட்டில் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி.

பயிற்சிக்கு நான் செய்தது இது. துறையில் அனுமதி வாங்கி, பெயர் மறைத்த இருபது பாலிப் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, முதல் கேள்விக்கான சொற்களுக்கு நீலம், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று கோடு போட்டேன். ஆறேழு ரிப்போர்ட்டில் சிவப்புக்கு வேலையே இல்லை, அவற்றில் ஊடுருவல் கிடையாது. இரண்டில் சிவப்பு போட வேண்டிய இடத்தில் ஆழமும் எழுதவில்லை, விளிம்பும் எழுதவில்லை. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு பேத்தாலஜி மேடத்திடம் போனேன், ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தோம்.