696 எப்படி 952 ஆனது

விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூன் 13 அன்று வந்தது. ஏறத்தாழ 181 கோடி வான்பொருட்கள், முதன்மை அட்டவணையில் 152 பத்திகள். முழுவதையும் இறக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஹார்டு டிஸ்க் இரண்டே நாளில் நிரம்பிவிட்டது.

பிறகுதான் வடிகட்டும் வேலையை சர்வரிலேயே முடிக்கக் கற்றேன். லாகின் இல்லாமல் கேட்டால் ஒரு வினவலுக்கு 30 லட்சம் வரிசைகள்தான் கிடைக்கும். ஆனால் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குரிய இடமாறு அளவையும் (தொலைவைக் காட்டும் சிறு கோணம்) நகர்வையும் நிபந்தனையாக வைத்து, பத்துப் பத்திகள் மட்டும் கேட்டால் சில ஆயிரம் வரிசைகளோடு முடிந்துவிடும். என்னிடம் இருந்த பழைய பட்டியலில் இரண்டாம் வெளியீட்டின் ஐடிகள், அதாவது ஒவ்வொரு விண்மீனுக்கும் தந்த அடையாள எண்கள், இருந்தன. வெளியீட்டுக்கு வெளியீடு ஐடி மாறக்கூடும் என்பதால் பழைய ஐடியைப் புதியதோடு இணைக்கும் ஒரு பொருத்த அட்டவணையையும் இடையில் சேர்த்தேன். துணை இல்லாத ஓரிரண்டைத் தவிர எல்லாம் பொருந்தின.

அதே ஸ்கிரிப்டைத் தென்வானில் கரீனா விண்மீன் மண்டலத்தில் உள்ள ஐசி 2602 கூட்டத்துக்கு ஓட்டியபோது எட்டில் ஒன்றுதான் பொருந்தியது. ஆயத்தொலைவு தவறோ, இரண்டு வெளியீடுகளின் அடிப்படைக் காலங்களான 2015.5க்கும் 2016.0க்கும் இடையே விண்மீன்கள் நகர்ந்ததைக் கணக்கில் எடுக்கவில்லையோ என்று ஒரு வாரம் தேடினேன். கடைசியில் பிராக்சிமா செண்டாரி என்ற விண்மீனின் ஐடியை மட்டும் அதே வழியில் அனுப்பிப் பார்த்தேன். உள்ளே போனது 5853498713190525696. வெளியே வந்தது 5853498713190525952.

அட்டவணைகளை இணைக்கும்போது துணை கிடைக்காத வரிசைகளில் ஐடி வெற்றிடமாக நிற்கும். ஒரு வெற்றிடம் இருந்தாலே, நான் பயன்படுத்திய பைதான் நூலகமான பாண்டாஸ் அந்தப் பத்தி முழுவதையும் தசம எண்ணாக்கிவிடும். 64 பிட் தசம எண்ணில் துல்லியமாக நிற்பவை 53 பிட்டுகள்தான். இவ்வளவு பெரிய எண்ணில் 1024-இன் மடங்குகளைத் தவிர மற்றவை அருகிலுள்ள மடங்குக்கு நகர்ந்துவிடும். கையா ஐடிகளோ 128-இன் மடங்குகள். எட்டில் ஒன்று தப்பியது அதனால்தான்.

கார்த்திகையில் ஏன் தெரியவில்லை? ஐடியின் தொடக்கப் பகுதி வானில் அந்தப் பொருள் இருக்கும் கட்டத்தைச் சொல்கிறது. கார்த்திகை இருக்கும் கட்டங்களுக்குச் சிறிய எண்கள், 17 இலக்க ஐடிகள். அந்த அளவில் அடுத்தடுத்த தசம எண்களுக்கு இடையிலான இடைவெளி வெறும் 8 என்பதால் 128-இன் மடங்குகள் சேதமில்லாமல் வந்துவிட்டன. என் சோதனைக்களமே பிழையை மறைத்திருக்கிறது என்று புரிந்தபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

திருத்தம் ஒரே வரி: படிக்கும்போதே ஐடி பத்தியை வெற்றிடம் தாங்கும் முழு எண் வகையாக அறிவித்தேன். கூடவே ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் ஐடியை 128-ஆல் வகுத்துப் பார்க்காமல், மூல அட்டவணையோடு நேராக ஒப்பிடும் ஒரு சரிபார்ப்பையும் வைத்தேன், ஏனென்றால் கெட்டுப்போன எண்ணும் 128-ஆல் மீதியின்றி வகுபடும்.

பழைய ஐசி 2602 பட்டியலைச் சக மாணவி ஒருத்தி முந்தைய வாரமே வாங்கிப் போயிருந்தாள். அன்றிரவே ஃபோன் செய்து, அதை அழித்துவிடும்படி சொல்லி, புதியதை அனுப்பினேன்.