லானில் முளைத்திருப்பது புல்லா, கோரையா?

கொரியன் புல் பதித்த லானில் சில மாதங்களில் வேறு ஏதோ ஒன்று தலை நீட்டும். மட்டமாக வெட்டிவிட்ட மூன்று நாளில் அது மட்டும் இரண்டு விரற்கடை மேலே நிற்கும். பெரும்பாலும் அடியில் கொட்டிய செம்மண்ணோடோ, சரியாக மக்காத எருவோடோ வந்ததாக இருக்கும். கையை வைக்கும் முன் அது என்னவென்று பாருங்கள். பிடுங்கினால் ஒழிவதும் உண்டு, பிடுங்கப் பிடுங்கப் பெருகுவதும் உண்டு.

ஒரு கொத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, பூக்கவிடுங்கள். பூக்காத புல்லைப் படம் பிடித்து போன் ஆப்பில் கேட்டால் வரும் பதிலை நான் நம்பமாட்டேன்.

பூத்தண்டை இரு விரலுக்கிடையே உருட்டுங்கள். மூன்று முனை தட்டுப்பட்டு உருளாமல் நின்றால் அது கோரை இனம். உள்ளே கெட்டியாக இருக்கும், கணு இருக்காது. இலைகளை மேலிருந்து பார்த்தால் மூன்று திசையில் விரியும். புல்லின் தண்டில் கணு உண்டு, இலைகள் இரண்டே திசையில்தான் வரும்.

கோரை என்று தெரிந்தால் முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு, மறுநாள் ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். கம்பி போன்ற வேரில் கரும்பழுப்புக் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்து, நறுக்கினால் மணம் வந்தால், அதுதான் நாட்டுமருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்கும் கோரைக்கிழங்கு. பூவும் செம்பழுப்பாக இருக்கும். கிழங்கே இல்லாமல், படர்ந்து, பட்டாணியை விடச் சிறிய வெள்ளை உருண்டைப் பூ வைத்திருந்தால் அது கில்லிங்கா. வேரோடு தோண்டினால் போய்விடும்.

கோரைக்கிழங்கில் அது நடக்காது. சங்கிலியின் நுனிக் கிழங்கு முளைத்திருக்கும் வரை பின்னாலுள்ளவை உறங்கும். நீங்கள் இழுத்ததும் இழை அறுந்து, உறங்கியவையெல்லாம் தனித்தனியே முளைக்கும். ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல் 75% என்ற களைக்கொல்லி மருந்தைக் கரும்பில் கோரைக்கு ஏக்கருக்கு 36 கிராம் அடிக்கிறார்கள். ஒரு சென்ட் லானுக்குக் கணக்குப் போட்டால் 0.36 கிராம்தான் வரும். நகைத் தராசு இல்லாமல் கைக்கணக்கில் போடாதீர்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒட்டுத்திரவம் சேர்த்து, கோரை மூன்று இலைக்கு மேல் விட்டிருக்கும்போது தெளிக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் லானை வெட்டக்கூடாது, மருந்து போக இலை வேண்டுமே. கொரியன் புல்லும் அருகும் இதைத் தாங்கும். ஆனாலும் இது இங்கே லானுக்கென்று பரிந்துரைத்த மருந்து இல்லை, ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒரே தெளிப்பில் தீராது. சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும்.

புல்லாக இருந்தால் கதிரைப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு மெல்லிய விரல்கள் பிரிந்தால் அருகம்புல். கொரியன் புல்லுக்கு ஒற்றைக் கதிர்தான். இலையடியில் சவ்வுக்குப் பதில் மயிர்வரிசை இரண்டுக்கும் உண்டு, அதனால் அதை வைத்துப் பிரிக்கமுடியாது. விரல்கள் குட்டையாகத் தடித்து, நுனியில் முள்போல வெறுங்காம்பு நீட்டியிருந்தால் காக்காக்கால் புல். அடித்தூர் தட்டையாக அமுங்கி, வெள்ளி போல வெளுத்திருந்தால் எலூசின், கேழ்வரகின் உறவு. இவை இரண்டும் விதையால் பரவுபவை, கதிர் முற்றும் முன் பிடுங்கினால் போதும்.

அகன்ற இலைக்காரர்கள் எளிது: கிள்ளினால் பால் வரும் அம்மான் பச்சரிசி, மென்றால் புளிக்கும் புளியாரை, பொடி மூவிலையோடு தரையை ஒட்டிப் படரும் சிறுபுள்ளடி. இதற்கெல்லாம் கை போதும். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி மருந்தை வாங்கிவந்து அடித்து, காற்றில் பறந்து தக்காளிச் செடி முறுக்கிக்கொள்வதுதான் மிச்சமாகும்.

உண்மையான தலைவலி கொரியனுக்குள் புகுந்த அருகுதான். அருகை மட்டும் கொல்லும் மருந்தைத் தேடி அலையவேண்டாம். திட்டு சிறிதாக இருக்கும்போதே அதைச் சுற்றி ஒரு சாண் கூடுதலாக விட்டு, அரையடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி, வேர்த்தண்டுகளைச் சலித்தெடுங்கள். குழியை நிரப்பி மூன்று வாரம் வெறுமனே தண்ணீர் மட்டும் விடுங்கள். மிச்சம் முளைத்துக் காட்டும். அதையும் எடுத்த பிறகு புதுப் புல் பதியுங்கள்.