சனிக்கிழமை ஆடியது ஞாயிற்றுக்கிழமை தெரியும்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பத்திரிகைகளில் ‘கைப்பந்து’ என்றால் வாலிபால், ‘எறிபந்து’ என்றால் த்ரோபால். இரண்டும் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஆடுவது. இங்கே பேசப்போவது ஹேண்ட்பால். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் தளம், மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கோல், கோல்கீப்பரோடு சேர்த்து பக்கத்துக்கு ஏழு பேர், அரை மணி அரை மணியாக இரண்டு பாதி. அதன் கிளப் போட்டிகளில் உச்சம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். ஆண்கள் பிரிவின் கடைசி நான்கு அணிகள் 2010 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரில், லான்க்ஸெஸ் அரீனாவில் ஒரே வார இறுதியில் மோதுகின்றன. ஃபைனல் ஃபோர் என்று பெயர். (பெண்களுக்கானது புடாபெஸ்ட்டில் நடக்கிறது. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.)

சனிக்கிழமை இரண்டு அரையிறுதி. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், பிறகு இறுதி. நடுவில் ஓய்வு நாள் கிடையாது. கோப்பை யாருக்கு என்பதில் பாதியை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது. இரண்டாவது அரையிறுதியில் ஆடிய அணிக்கு முதலாவதில் ஆடிய அணியைவிட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓய்வு குறைவு. அரையிறுதியில் யாருக்கு யார் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது.

இந்த இடத்துக்கு வருவதற்குள் அணிகள் தேய்ந்திருக்கும். 2020–21 பருவத்தில் கொண்டுவந்த அமைப்பில் 16 அணிகள், எட்டு எட்டாக இரண்டு பிரிவு, பிரிவு ஆட்டங்களே 14. முதல் இரண்டு இடங்கள் நேராகக் காலிறுதிக்குப் போகும். மூன்று முதல் ஆறு வரை வந்தவை ப்ளே-ஆஃப் ஆட வேண்டும். ப்ளே-ஆஃபும் காலிறுதியும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று. ஆகக் கோப்பையைத் தூக்குபவர் 18 அல்லது 20 ஆட்டம் ஆடியிருப்பார். இது ஐரோப்பியக் கணக்கு மட்டும். கீல், மாக்டபுர்க் போன்ற ஜெர்மன் அணிகள் இதற்கு மேல் 34 ஆட்டம் கொண்ட உள்நாட்டு லீகான புண்டஸ்லீகாவையும் ஆடுகின்றன. அங்கே கடைசி இடத்து அணியிடம்கூட அசந்தால் அடி விழும். பார்சிலோனாவோ 2010–11 முதல் ஸ்பானிஷ் லீகை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. உள்ளூரில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்து ஓய்வு கொடுக்க முடிகிறது. மொத்தம் 12 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், ஃபைனல் ஃபோர் வந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு முறை (2021, 2022) வென்ற ஒரே அணி என்ற பெருமை, இவற்றுக்குப் பணமும் திறமையும் காரணம்தான். இந்த ஓய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்கும்போது ஸ்கோரோடு சேர்த்து இன்னொன்றையும் எண்ணுங்கள்: பயிற்சியாளர் எத்தனை பேரை உண்மையில் இறக்குகிறார்? பட்டியலில் 16 பேர் இருப்பார்கள். பதற்றத்தில் பலர் பத்துப் பேரோடு ஓட்டிவிடுவார்கள். குறிப்பாகப் பின்வரிசை மூவரைக் கவனியுங்கள்: இடது பேக், நடு பேக், வலது பேக். ஒன்பது மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து குதித்து எறிபவர்களும், இடித்துக்கொண்டு உள்ளே நுழைபவர்களும் இவர்கள்தான். வலது பேக் இடத்துக்கு இடக்கையர் வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் மாற்று ஆளும் சுலபத்தில் கிடைக்க மாட்டார். ஒரே இடக்கையர் சனிக்கிழமை 60 நிமிடமும் ஆடினால், மறுநாள் இரண்டாம் பாதியில் அவர் குதிக்கும் உயரம் குறையும். தடுப்பவர் கையில் பந்து படத் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

களைத்த அணி தோற்கும் என்று இதை நேர்க்கோட்டில் எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2014இல் ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்புர்க் அரையிறுதியில் பார்சிலோனாவைக் கூடுதல் நேரம், ஏழு மீட்டர் எறிதல் (கால்பந்தின் பெனால்டி ஷூட்-அவுட் மாதிரி) எல்லாம் தாண்டித்தான் வென்றது. மறுநாள் கீலை 30–28 என்று சாய்த்தது. 2023இல் மாக்டபுர்க் அதே பார்சிலோனாவை ஏழு மீட்டர் எறிதலில் 40–39 என்று கடந்தது. அந்த அரையிறுதியில் அவர்களுடைய ஐஸ்லாந்து நடு பேக் கிஸ்லி கிறிஸ்ட்யான்சனுக்குத் தோள்மூட்டு விலகியது. மறுநாள் அவரே களத்தில் இறங்கினார். போலந்தின் கியெல்ட்சேயைக் கூடுதல் நேரத்தில் 30–29 என்று வீழ்த்தினார்கள், ஃபைனல் ஃபோரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே போனது. மருத்துவர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கதை.

அடுத்து, ஆளில்லாத கோல். 2016 ஜூலைக்கு முன்பும் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஏழாவது ஆளைத் தாக்குதலில் இறக்கலாம். ஆனால் அவர் கோல்கீப்பர் நிறச் சட்டை போட்டிருக்க வேண்டும், கோல்கீப்பர் திரும்பி வரும்போது வெளியேற வேண்டியவரும் அவரேதான். அந்தக் கட்டுப்பாடு போனதும் இது அன்றாட உத்தியாகிவிட்டது. ஒருவர் இரண்டு நிமிடத் தண்டனையில் வெளியே இருந்தால், தாக்கும்போது கோல்கீப்பரை எடுத்து ஆறு பேராக ஆடுவார்கள். ஏழு பேராகத் தாக்கினால், கோல் பகுதிக் கோட்டை ஒட்டி முதுகைக் காட்டி நிற்கும் பிவட் இருவர் ஆவார்கள். எதிரணியின் நடுத் தடுப்பாளர்களால் முன்னேறி வர முடியாது.

தவறு எங்கே நடக்கிறது? ஆட்டக்காரரை மாற்றும் கோடு நடுக்கோட்டிலிருந்து நாலரை மீட்டர் வரைதான். கோல்கீப்பர் அங்கிருந்து தன் கோலுக்கு 15 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அதுவும் எப்போது? தன் அணி ஆள் ஒருவர் முழுதாக வெளியேறிய பிறகு. ஒரு பாஸ் பறிபோனால், பந்தைப் பிடித்தவர் தன் கோல் பக்கத்திலிருந்தே 35 மீட்டர் எறிந்துவிடுவார். கோல்கீப்பர் பாதி வழியில் நின்று பந்து தலைக்கு மேல் போவதைப் பார்ப்பார். அவசரத்தில் ஒருவர் வெளியேறும் முன்பே இன்னொருவர் காலை வைத்துவிட்டால் நுழைந்தவருக்கு இரண்டு நிமிடம். ஆக ஏழு பேர் தாக்குதல் பலிக்க வேண்டுமென்றால் பிவட்டுக்குக் கண்மூடித்தனமாகப் பந்து திணிக்காத நடு பேக் வேண்டும். அப்படிப்பட்டவர் இல்லாத அணி இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

2022 ஜூலையில் வந்த இரண்டு மாற்றங்கள் களைப்பின் விலையை ஏற்றிவிட்டன. ஒன்று, நடுவில் நான்கு மீட்டர் விட்ட வட்டம் உள்ள தளங்களில் கோல் விழுந்த பின் ஆட்டத்தை அந்த வட்டத்துக்குள்ளிருந்தே தொடங்கலாம். நடுக்கோட்டில் கால் வைத்து அசையாமல் நிற்கத் தேவையில்லை. தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி இறக்கும் அணிகளுக்கு இது தலைவலி. மாற்று ஆள் வந்து சேரும் முன்பே பந்து அவர்கள் கோலுக்குள் கிடக்கும். மற்றொன்று, சும்மா பந்தைக் கடத்திக்கொண்டிருந்தால் நடுவர் கையை உயர்த்துவார்; அதற்குப் பிறகு முன்பு ஆறு பாஸ் அனுமதி, இப்போது நான்கு. தடுப்பாளர் ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கிடைத்தாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது. பந்து கோல்கீப்பர் மீதோ கம்பத்திலோ பட்டுத் திரும்பினாலோ, தடுத்தவருக்கு அட்டையோ இரண்டு நிமிடமோ கிடைத்தாலோதான் எச்சரிக்கை நீங்கும். நடுவரின் கை எழுந்ததும் வாய்விட்டு எண்ணிப் பாருங்கள். நான்காவது பாஸ் யார் கைக்குப் போகிறது என்பதில் அந்த அணி யாரை நம்புகிறது என்பது தெரிந்துவிடும்.

கோல்கீப்பர் கணக்கு எளிது. கோலை நோக்கி வந்த பந்துகளில் 30 சதவீதம் தடுத்தால் பரவாயில்லை, 40 சதவீதம் என்றால் அன்று அவர் நாள். 40 எறிகளுக்கு இது 12 தடுப்புக்கும் 16 தடுப்புக்கும் உள்ள வித்தியாசம், அதாவது நான்கு கோல். இங்கே நடந்த இறுதிகளில் பாதிக்கு மேல் நான்கு கோலுக்குள் முடிந்தவைதான்.

2016 இறுதியை விட்டுவிட்டு இந்தப் போட்டியைப் பற்றிப் பேச முடியாது. ஹங்கேரியின் வெஸ்பிரேம் ஏறக்குறைய கால் மணி நேரம் மிச்சமிருக்கையில் 28–19 என்று முன்னிலை. ஒன்பது கோல்! அதற்குப் பிறகு வழக்கமான நேரம் முடியும்வரை அவர்கள் போட்டது ஒரே ஒரு கோல். கியெல்ட்சே 29–29 என்று சமன் செய்தது, கூடுதல் நேரம் 35–35, ஏழு மீட்டர் எறிதலில் 39–38. முன்னிலையில் இருக்கும் அணி பந்தை மெதுவாகக் கடத்தும், நடுவர் கை எழும், கெட்ட கோணத்திலிருந்து எறிய நேரிடும், அது எதிரணிக்கு வேகத் தாக்குதலாக மாறும். பயிற்சியாளர்கள் டைம்-அவுட் கேட்பது இந்தச் சங்கிலியை அறுக்கத்தான். ஆட்டத்துக்கு மூன்றுதான், ஒரு பாதியில் இரண்டுக்கு மேல் கூடாது, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றுதான். பந்து நம் கையில் இருக்கும்போது மட்டுமே கேட்க முடியும். வெஸ்பிரேம் 2015, 2016, 2019 மூன்று இறுதிகளிலும் தோற்றது.

கூடுதல் நேரம் ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு. அதுவும் சமன் என்றால் ஏழு மீட்டர் எறிதல், பக்கத்துக்கு ஐந்து பேர். விசிலுக்குப் பிறகு மூன்று நொடிக்குள் எறிய வேண்டும். கோல்கீப்பர் நான்கு மீட்டர் கோடு வரை முன்னே வரலாம். உயரமான கோல்கீப்பர் அங்கே வந்து கைகாலை விரித்தால் மூன்று மீட்டர் கோல் சாவித்துவாரம் மாதிரி ஆகிவிடும். அவர் தலைக்கு மேல் தூக்கிப் போடுவதுதான் அதற்கு மருந்து. களைத்த மணிக்கட்டுக்கு அது கஷ்டமான மருந்து.

இறுதி பெரும்பாலும் அங்கே மாலை ஆறு மணிக்கு, நமக்கு இரவு ஒன்பதரை. ஹாரன் அடித்ததும் எழுந்துவிடாதீர்கள். அதற்கு முன்பே ஃப்ரீ த்ரோ கொடுக்கப்பட்டிருந்தால் நேரம் முடிந்த பிறகும் அதை எறிந்தே ஆக வேண்டும். தடுப்பாளர்கள் கையை உயர்த்திச் சுவராக நிற்பார்கள், எறிபவர் ஒரு காலை ஊன்றியபடி உடம்பை முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்து சுவரின் ஓரத்தைச் சுற்றி விட முயல்வார். அனேகமாக யாராவது ஒருவரின் முழங்கையில் பட்டுத் திரும்பும்.