ஹேடிஸின் குடிமக்கள்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியின் 11ஆம் பகுதியை மறுபடி எடுத்திருக்கிறேன். மாண்டவர்களைப் பார்க்க நாயகன் ஒடிசியஸ் பூமிக்குள் இறங்குவான் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வெயிலே படாத சிம்மேரியர் நாட்டுக் கரையைத் தாண்டிப் போய், முழ நீளம் முழ அகலத்தில் ஒரு குழி வெட்டுகிறான். முதலில் தேன் கலந்த பால், பிறகு மது, மூன்றாவதாகத் தண்ணீர், மேலே பார்லி மாவு. அதன்பின் ஆடுகளை அறுத்து ரத்தத்தைக் குழியில் வடிய விடுகிறான். உடனே கூட்டம் மொய்க்கிறது. மணப்பெண்கள், வாழ்ந்து பார்க்காத இளைஞர்கள், கிழவர்கள், ஈட்டிக் காயத்தோடு போர்வீரர்கள். அவனோ உருவிய வாளோடு குழியருகே உட்கார்ந்துவிடுகிறான். குறிசொல்லி தைரேசியஸ் குடிக்கும்வரை வேறு யாருக்கும் ஒரு சொட்டு கிடையாது, பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும். அவன் டிராய்ப் போருக்குக் கிளம்பியபோது உயிரோடு இருந்தவள் அவள். ரத்தம் குடித்த பிறகுதான் மகனை அடையாளம் தெரிகிறது. மூன்று முறை கட்டியணைக்கப் பார்க்கிறான். மூன்று முறையும் கைகள் வெறுங்காற்றைத்தான் பிடிக்கின்றன.

ஆகஸ்ட் 5

எனக்குப் பிடித்த ஆவி, ஒடிசியஸின் தோழன் எல்பெனார். போரில் சூரனுமில்லை, புத்தியில் கெட்டியுமில்லை என்று ஹோமரே சொல்லிவிடுகிறார். போதையில் சூனியக்காரி சர்ஸியின் வீட்டுக் கூரைமேல் தூங்கியவன், எழுந்தபோது ஏணியை மறந்து கீழே விழுந்து கழுத்து முறிந்து செத்தான். அவசரத்தில் எரிக்காமலேயே விட்டுப் போய்விட்டார்கள். அதனால் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறான். கடற்கரையில் ஒரு மண்மேடு, அதன்மேல் அவன் வலித்த துடுப்பு, கேட்பது அவ்வளவுதான்.

டிராயில் செத்த மாவீரன் அகிலிஸின் புலம்பல் எல்லோருக்கும் தெரிந்தது: செத்தவர்களுக்கு ராஜாவாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழுவது மேல் என்கிறான். ஆனால் அடுத்த மூச்சிலேயே மகனைப் பற்றி விசாரிக்கிறான். அவன் நன்றாகப் போரிட்டான் என்று கேட்டதும் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது! இன்னொரு வீரன் அஜாக்ஸுக்கு எதுவுமே வேண்டாம். அகிலிஸின் கவசம் ஒடிசியஸுக்குப் போன கோபம் அங்கேயும் ஆறவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறான்.

ஆகஸ்ட் 7

எமதர்மனோடு பாதாள அரசன் ஹேடிஸை ஒப்பிடக் கை துறுதுறுக்கிறது. சரிப்படாது. வழக்குத் தீர்ப்பதெல்லாம் செத்துப்போன கிரீட் அரசன் மினோஸின் வேலை. ஹேடிஸ் இந்தக் காட்சிக்கே வருவதில்லை.

ஆகஸ்ட் 10

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை ஒன்று, படித்ததிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. கொரிந்தின் சர்வாதிகாரி பெரியாண்டர், அடைக்கலமாக வைக்கப்பட்ட ஏதோ பொருள் இருக்குமிடம் கேட்டு, அக்கெரான் நதிக்கரையிலிருந்த மாண்டோர் குறிமேடைக்கு, அதாவது செத்தவர்களிடம் குறி கேட்கும் இடத்துக்கு, ஆள் அனுப்புகிறான். கேட்டது செத்துப்போன மனைவி மெலிசாவிடம். அவளைக் கொன்றவனே இவன்தான். அவள் வந்து, சொல்லமாட்டேன், எனக்குக் குளிர்கிறது, உடுத்த ஒன்றுமில்லை என்கிறாள். துணிகளை அவளோடு புதைத்திருந்தார்கள், எரிக்கவில்லை. அதனால் அவை அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பெரியாண்டர் என்ன செய்தான்? ஊர்ப் பெண்களையெல்லாம் ஹேரா கோயிலுக்கு வரச் சொன்னான். திருவிழா என்று நினைத்து நல்ல உடைகளில் வந்தவர்களின் ஆடைகளை உரித்துக் குழியில் போட்டு எரித்தான். மறுபடி கேட்டபோது பதில் கிடைத்தது. வரலாற்று நூலில் இப்படி ஒரு பக்கம்!

1958இல் வடமேற்குக் கிரீஸின் எபிரஸில் அகழாய்வு தொடங்கிய தொல்லியலாளர் சோதிரிஸ் தகாரிஸ், தான் தோண்டிய கட்டடமே அந்தக் குறிமேடை என்று நம்பினார். அங்கே கிடைத்த வெண்கலப் பாகங்கள், ஆவிகளை இறக்கிக் காட்டும் இயந்திரத்தின் உறுப்புகள் என்றார். பிறகு பார்த்தால் அவை எதிரிமேல் எறியும் போர்ப்பொறிகளின் பாகங்கள். கட்டடமும் அரண் கட்டிய பண்ணைவீடாக இருக்கலாம் என்பது இன்று பலரின் கருத்து.

ஆகஸ்ட் 13

தெற்கு இத்தாலியின் ஹிப்போனியனில் 1969இல் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த தங்கத் தகடு. காலம் ஏறக்குறைய கிமு 400. மெல்லிய தகட்டில் பொடி எழுத்தில் செத்தவளுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். வலப்பக்கம் ஒரு ஊற்று, அருகே வெள்ளைச் சைப்ரஸ் மரம். அதன் பக்கம் போகாதே. தாண்டினால் நினைவின் ஏரி, அதற்குக் காவலர்கள். 'நான் பூமிக்கும் விண்மீன் வானுக்கும் பிறந்த பிள்ளை, தாகத்தால் வாடுகிறேன், குளிர்ந்த நீர் கொடுங்கள்' என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். மனப்பாடம் மறந்துவிடுமோ என்று கையோடு எழுதியே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15

அரிஸ்டோஃபனிஸின் நகைச்சுவை நாடகம் 'தவளைகள்', கிமு 405. செத்துப்போன நாடகாசிரியர் யூரிப்பிடிஸைத் திரும்ப அழைத்துவர மதுக் கடவுள் டயோனிசஸ் பாதாளம் போகிறான். மூட்டை சுமப்பது அடிமை சாந்தியாஸ். வழியில் ஒரு பிணத்தை எடுத்துப் போகிறார்கள். அதனிடமே இந்தச் சுமையைக் கொண்டுபோகக் கூலி பேசுகிறான் டயோனிசஸ். பிணம் கேட்பது இரண்டு டிராக்மா. ஒன்பது ஓபல் தருகிறேன் என்கிறான், அதாவது ஒன்றரை டிராக்மா. அதற்கு நான் உயிரோடு எழுந்துவிடலாமே என்று சொல்லிவிட்டுப் பிணம் போயேவிடுகிறது.

ஹோமரில் எங்குமில்லாத ஓடக்காரன் கரோன் இங்கே இருக்கிறான். படகுக்கூலி இரண்டு ஓபல். சும்மா உட்கார்ந்து போகலாம் என்று ஏறிய கடவுளின் கையில் துடுப்பைத் திணிக்கிறான். அண்மையில் நடந்த கடற்போரில் சண்டையிடாத அடிமைக்குப் படகில் இடமில்லை. கண்வலி வந்துவிட்டது என்று சாந்தியாஸ் சாக்குச் சொல்லிப் பார்க்கிறான்; கரோன் மசியவில்லை. மூட்டையோடு ஏரியைச் சுற்றி நடந்துதான் வரவேண்டியிருக்கிறது.